துடைத்துவிட்ட மேகங்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம். அங்கே நீயும், உனக்குள் குடியிருக்கும் சின்ன மனிதரும், ஆஸ்பத்திரி நாற்காலியில் குடியிருக்கும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாய். பிரசவம் வரை அசையக் கூடாது என்று டாக்டர் படுக்கவைத்திருக்கும்போது அது ஆகாது. அதனால்தான் கடிதம். சிரிக்காமல் படி.

"ஜன்னலைத் திறந்தா சுவர்தான் தெரியுது. காலையும் சாயங்காலமும் வானத்தைப் படம் எடுத்து அனுப்புங்கப்பா" என்று நீ கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுசு முழுக்க ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவனுக்கு வானம் எம்மாத்திரம்? முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "மேகம் எங்கப்பா?" என்றாய். இருந்ததம்மா, அள்ளக் குறையாமல் இருந்தது. ஆனால் பின்னணியில் திட்டுத் திட்டாக எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்குமா? மொபைலில் விரலால் தேய்த்துத் தேய்த்து ஒன்று விடாமல் துடைத்துவிட்டேன். அவ்வளவு பாடுபட்டு உனக்கு அனுப்பியது வெறும் நீலம்.

மறுநாள் விடியும்போது மொட்டைமாடியில் நின்று, பழக்கதோஷத்தில் மேகத்தைப் பார்த்து, "கொஞ்சம் இடது பக்கம் நகருங்க, தலையை நிமிர்த்துங்க" என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த ஒரு அம்மா தன்னைத்தான் சொல்கிறேன் என்று வாளியை வைத்துவிட்டு முடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். அவர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார் நடக்குது இங்க?" என்றார். "ஐயோ, நான் மேகத்தைச் சொன்னேங்க" என்றேன். அதில் அந்த அம்மாவுக்குத்தான் கோபம். "அப்போ என்னை எடுக்கலையா?" வேறு வழி? சாயங்காலம் குடும்பத்தோட வாங்கன்னு சொல்லித் தொலைச்சேன். அவங்க பவுடர் போட்டு முடிக்கிறதுக்குள்ள வானத்துச் சிவப்பெல்லாம் கரைஞ்சே போச்சு. உங்கம்மா வேற பக்கத்துல நின்னுகிட்டு, "சிவப்பு பத்தலை, கொஞ்சம் ஏத்துங்க"ங்கிறா. ஏத்துறதுக்கு அது என்ன அடுப்பா?

போதுமம்மா, எனக்கு இது சரிப்பட்டு வராது. நாளையிலிருந்து மாடிப்பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன். இதுவரை அனுப்பிய படங்களையே பார்த்துக்கொள். டாக்டர் கெட்டிக்காரர், உன்னைப் பற்றி எனக்குத் துளியும் கவலையில்லை. படுத்தால் நிம்மதியாகத் தூங்குகிறேன். தாய் வேறு, பிள்ளை வேறாக நல்லபடியாக வீடு வந்து சேர என் ஆசி.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: அம்மா எழுதுறேன்டி. மேலே இருக்கிறதுல ஒண்ணையும் நம்பாதே. உங்கப்பா தூங்கி எத்தனையோ நாளாச்சு. இன்னைக்கும் விடியுறதுக்கு முன்னாலேயே மாடியேறிட்டாரு. என்னதான் பண்றாருன்னு சத்தமில்லாம பின்னாலேயே போனேன். மேகத்துக்கிட்ட, "கொஞ்சம் சிரி. என் பொண்ணு பயந்துபோய்ப் படுத்திருக்கா, உன்னைத்தான் பார்ப்பா"ன்னு கெஞ்சிட்டு நிக்கிறாரு. படம் வந்தா உடனே ஒரு வார்த்தை பதில் போடும்மா. அது வர்ற வரைக்கும் மனுஷன் கீழே இறங்க மாட்டேங்கிறாரு.