மேற்குக் கரைக்கு நன்றி சொன்ன தேவாங்கு

ஒரு காட்டில் சிங்கம் அரசாண்டது என்று இந்தக் கதையைத் தொடங்க இயலாது. அந்தக் காட்டில் ஒரு கலைக்கல்லூரி இருந்தது; ஆகவே அரசாட்சி முழுவதும் அதன் அலுவலகத்தில் இருந்தது. சிங்கமே ஒரு சான்றிதழுக்காக மூன்றாம் சாளரத்தின் முன் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அதை அங்கேயே நிற்கவிட்டு நாம் மேலே செல்வோம்.

கல்லூரி, ஏரியின் மேற்குக் கரையை ஒட்டிய ஒரு மேட்டில் இருந்தது. இளங்கலை இறுதியாண்டில் சிறப்புநிலை பெற விரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் இலக்கியம், இசை, வரலாறு, மெய்யியல் ஆகியவற்றுள் ஒன்றைத் தாமே ஆராய்ந்து ஓர் ஆய்வேடு எழுத வேண்டும் என்பது விதி. அவ்வாண்டும் எழுதினார்கள். எருமை 'சேற்றில் படுத்தலின் மெய்யியல்' என்ற பொருளில் நான்கு மாதம் களப்பணி செய்தது. களப்பணி முடிந்துவிட்டதை ஒருவர் சென்று எழுப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. பச்சோந்தி ஏழு முறை தலைப்பை மாற்றியது. 'புலியின் பார்வையில் மான்' என்ற ஆய்வுக்காக நேர்காணல் எடுக்கச் சென்ற புள்ளிமான் திரும்பவில்லை. புலி மட்டும் வந்து, நேர்காணல் மிகவும் நிறைவாக இருந்தது என்று எழுதிக் கையொப்பமிட்டுச் சென்றது.

மங்கையர்க்கரசி ஒரு தேவாங்கு. உள்ளங்கையில் அடங்கும் உடல். அதற்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில் பெயர். அவள் இனத்தார் பகலில் உறங்குவார்கள். வகுப்புகளோ பகலில் நடந்தன. ஆகவே மூன்றாண்டுப் பாடங்களையும் அவள் உறக்கத்திலேயே கேட்டாள். இந்த வகையில் மற்ற மாணவர்களுக்கும் அவளுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஆய்வு என்று வந்தபின் அவள் விழித்துக்கொண்டாள். 'மேற்குக் கரைத் தவளைகளின் மழைப்பாட்டில் பல்லவி திரும்பும் முறை' என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். நாற்பது மாலைகள் கரையோரப் புதரில் ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு, பெரிய கண்களை இமைக்காமல், எத்தனை அடிக்கு ஒருமுறை பல்லவி வருகிறது என்று குறித்தாள்.

வடக்குக் கரையில் நான்கு அடிக்கு ஒருமுறை வந்தது. கிழக்கிலும் அப்படியே. மேற்குக் கரையில் மட்டும் தவளைகள் இரண்டாம் அடியிலேயே பாட்டை அறுத்துவிட்டு, இடம் மாறி அமர்ந்து, வேறொரு பாட்டைத் தொடங்கின. பல்லவி திரும்பவே இல்லை. மங்கையர்க்கரசிக்கு மெய்சிலிர்த்தது. இதற்கு 'முறிபல்லவி மரபு' என்று ஒரு பெயர் வைத்தாள். பெயர் வைத்தபின், நேர்மையான மாணவி ஆகையால், தவளைகளின் மூத்த பாடகர் பச்சையப்பனிடம் சென்று விளக்கம் கேட்டாள்.

"மரபா? ஒரு மண்ணும் இல்லம்மா," என்றார் பச்சையப்பன். "கரை உள்ளுக்குள்ள கசியுது. நின்னு பாடினா காலுக்குக் கீழ மண்ணு போயிடுது. உசிருக்குப் பயந்து பாதியில எழுந்து ஓடுறோம். அதுக்குப் பேரு வச்சிட்டியா நீ?"

"வைத்துவிட்டேன், ஐயா."

"நல்லா இருக்கா பேரு?"

"நன்றாகத்தான் இருக்கிறது."

"அப்ப அதுவும் இருக்கட்டும். ஆனா கீழே இருக்கிற பிள்ளைங்ககிட்டச் சொல்லிடு."

கீழே என்றால் கரையின் அடிவாரத்தில் இருந்த முதலாண்டு முயல்கள் விடுதி. சேர்க்கையின்போது நாற்பது முயல்கள். இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு. அலுவலகப் பதிவேட்டில் இன்னும் நாற்பதுதான்.

மங்கையர்க்கரசி இறங்கிச் சென்று வெடிப்பைத் தன் விரலால் அளந்தாள். திங்களன்று மூன்று விரல். செவ்வாயன்று ஆறு விரல். மழை நின்றபாடில்லை. அவள் அமர்ந்து கணக்கிட்டாள். வெள்ளிக்கிழமை கரை உடையும் என்று விடை வந்தது. திரும்பக் கணக்கிட்டாள். அதே வெள்ளிக்கிழமை.

அவள் நேரே முயல்களிடம் ஓடினாள். தேவாங்கு ஓடுவது எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்கள், அவள் செவ்வாயன்று புறப்பட்டுப் புதனன்று போய்ச் சேர்ந்ததை வியக்க மாட்டார்கள்.

"அக்கா சொல்றது சரிதான்," என்றது விடுதித் தலைவியான முயல். "நேத்து என் கட்டில் மிதந்துச்சு. ஆனா சுற்றறிக்கை வராம ரூமைக் காலி பண்ணினா அடுத்த பருவத்துக்கு ரூம் கிடையாதுக்கா. வார்டன் ஐயா கையெழுத்து வேணும்."

விடுதிக் காப்பாளர் வேறு யாருமல்லர். இசைத்துறைத் தலைவர் கார்மேகம் என்னும் கரடியார்தாம். அவரை அணுக வேண்டுமானால் மங்கையர்க்கரசி முதலில் தன் நெறியாளரான முள்ளம்பன்றிப் பேராசிரியர் சிவக்கொழுந்துவிடம் செல்ல வேண்டும்.

சிவக்கொழுந்து நல்லவர். மாணவர் எழுத்தைத் தம் முதுகு முள்ளாலேயே திருத்துவார். வலிக்கும் என்பதால் குறைவாகத் திருத்துவார். ஆய்வேட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"எத்தனை பக்கம்?"

"அறுபது, ஐயா. நான்காம் இயலை மட்டுமாவது இப்போதே படித்துப் பாருங்கள். வெடிப்பின் கணக்கு அதில்தான் இருக்கிறது. கரை உடையப் போகிறது."

"அறுபது நல்ல எண்," என்றார் அவர். "கரை உடைவதை முடிவுரையில், 'மேலாய்வுக்குரிய களங்கள்' என்ற தலைப்பின் கீழ்ச் சேர்த்துவிடு. பின்னால் வருகிற மாணவர் யாராவது எடுத்துக்கொள்வார்கள்."

"பின்னால் வருகிற மாணவர்கள் கீழ்விடுதியில் இருக்கிறார்கள், ஐயா."

சிவக்கொழுந்து தம் முட்களைச் சிலிர்த்து, பிறகு அடக்கிக்கொண்டார். "அம்மா, எனக்குப் பதவி உயர்வு துறைத்தலைவர் மேசையில் இருக்கிறது. என்னை எதுவும் பேச வைக்காதே. முறையாகச் சமர்ப்பி. அவர் படிப்பார்."

துறைத்தலைவர் அறைவாயிலில் ஆய்வேடுகளோடு மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். மங்கையர்க்கரசிக்கு முன்னே எட்டுப் பேர். கதவு திறந்தே இருந்தது. கண்கள் பெரியவை ஆகையால் அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். கார்மேகம் ஒவ்வோர் ஆய்வேட்டையும் வாங்குவார். அட்டையைப் பார்க்க மாட்டார். பொருளடக்கத்தைப் பார்க்க மாட்டார். நேரே மூன்றாம் பக்கத்திலுள்ள நன்றியுரைக்குச் செல்வார். அங்கே ஒவ்வொரு வரியாக நகத்தை வைத்து, உதடு அசைய, ஓர் எழுத்தும் விடாமல் படிப்பார். தம் பெயரைக் கண்டதும் முகம் மலரும். மூடிவிடுவார். "சிறப்பான ஆய்வு" என்பார்.

எருமையின் முறை வந்தது. நகம் ஓடியது, நின்றது.

"என்னய்யா இது? தேநீர்க் கடைக்காரர் பெயருக்கு அடுத்து என் பெயரா?"

"அவரு நாலு மாசம் சேத்துக்கே கொண்டாந்து டீ குடுத்தாருங்க," என்றது எருமை.

"நான் என்ன கொடுத்தேன்?"

எருமை நெடுநேரம் யோசித்தது. யோசித்திருக்கக் கூடாது. ஆய்வேடு திருப்பியனுப்பப்பட்டது.

மங்கையர்க்கரசி வரிசையை விட்டு விலகினாள். இந்தக் கல்லூரியில் ஓர் ஆய்வேட்டின் எந்தப் பக்கம் படிக்கப்படும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அச்சிடும் குரங்கிடம் சென்று, மூன்றாம் பக்கத்தை மட்டும் பிரித்துப் புதிதாக ஒன்றை வைத்து மீண்டும் கட்டச் சொன்னாள்.

மறுநாள் வியாழக்கிழமை. வாய்மொழித் தேர்வு. அயல்மலையிலிருந்து புறத்தேர்வாளராக உடும்புப் பேராசிரியர் அரங்கநாயகம் வந்திருந்தார். ஒரு குறையைப் பற்றினால் விடமாட்டார் என்று பெயர் பெற்றவர். மேசைமேல் பொன்னாடை, பழத்தட்டு, மிக்சர். கார்மேகம் மூன்றாம் பக்கத்தைத் திறந்து நகத்தை வைத்து, உரக்கப் படிக்கலானார்.

"'முதற்கண், இவ்வாய்வுக்கு இசைவளித்த மாண்புமிகு முதல்வர் யானையார் அவர்களுக்கு என் பணிவான நன்றி.' சரி. 'அடுத்து, விரிந்துகொண்டே போகும் ஒன்பது விரல் வெடிப்போடும், அடியில் கசியும் நீரோடும், முந்நூற்றுப் பன்னிரண்டு முயல்களின் தலைக்குமேல், வருகிற வெள்ளிக்கிழமை வரை மட்டும் நிற்கவிருக்கும் ஏரியின் மேற்குக் கரைக்கு என் நன்றி. அதற்கடுத்து, எம் துறைத்தலைவர்...'"

நகம் நின்றது. மங்கையர்க்கரசி நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். படித்துவிட்டார். இனி ஓடுவார்கள்; மணி அடிப்பார்கள்; சுற்றறிக்கை பறக்கும்.

"எனக்கு முன்னால்," என்றார் கார்மேகம், "ஒரு கரையா?"

"பெருங்குறை," என்றார் அரங்கநாயகம், பற்றிக்கொண்டு. "முதலில் பதவியில் இருப்போர், பிறகு நிறுவனங்கள், பிறகு பெற்றோர், இறுதியில் நண்பர்கள். இதுவே வரிசை. கரை இவற்றுள் எது?"

"ஐயா, கரை உடையப் போகிறது," என்றாள் அவள்.

"கரை எந்த வகை என்று மட்டும் சொல்."

"உடையப் போகிற வகை, ஐயா."

அப்போது, நெறியாளர் என்ற முறையில் ஓரமாக அமர்ந்திருந்த சிவக்கொழுந்து யாரும் எதிர்பாராதவண்ணம் தொண்டையைக் கனைத்தார். முப்பதாண்டுப் பணியில் அவர் காட்டிய துணிவு இது ஒன்றே. "கரை கல்லூரிக்கு முன்பிருந்தே இருக்கிறது. பணிமூப்பு உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால், முதல்வருக்கும் முன்னால் வர வேண்டும்."

"கரைக்கு என்னய்யா பணி?"

"நீரைத் தடுத்தல்."

"நிறைவாகச் செய்கிறதா?"

"நாளை வரை செய்யும்," என்றாள் மங்கையர்க்கரசி.

அரங்கநாயகம் எழுந்தார். "இதை முடிவு செய்யாமல் நான் கையெழுத்திட மாட்டேன். குழு நேரில் சென்று கரையைப் பார்வையிடும்."

"மேலே மட்டும் ஏறாதீர்கள், ஐயா. தாங்காது."

"பார்வையிடுவது எப்படி என்று எங்களுக்குக் கற்பிக்கிறாயா?" என்றார் கார்மேகம்.

இவர்கள் எச்சரிக்கையைக் கேட்கப் பிறந்தவர்கள் அல்லர் என்பதை அவள் உணர்ந்தாள். எதைக் கேட்கப் பிறந்தவர்கள் என்பதையும் உடனே உணர்ந்தாள்.

"ஐயா," என்றாள் மிகுந்த பணிவோடு. "அயல்மலைப் பேராசிரியர் கரைக்கு எழுந்தருளும்போது, எதிரேயுள்ள மேட்டில் நின்று வரவேற்க ஆள் வேண்டாமா? கீழ்விடுதி முயல்கள் சும்மாதான் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் பார்ப்பதற்கு நன்றாக இராது."

கார்மேகம் புறத்தேர்வாளரைப் பார்த்தார். புறத்தேர்வாளர் தம் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். மூன்று நாட்களாகப் பிறக்காத சுற்றறிக்கை மூன்று நொடிகளில் பிறந்தது: தேர்வுக் குழுவின் வருகையை முன்னிட்டு, விடுதி முயல்கள் அனைவரும் அறையைப் பூட்டிக்கொண்டு, மேட்டில் அணிவகுத்து நின்று கைதட்ட வேண்டும், வராதவர்க்கு வருகைப் பதிவு கிடையாது.

நாற்பது முயல்கள் வரும் என்று கார்மேகம் எதிர்பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டும் வந்தன. வருகைப் பதிவு என்ற சொல்லுக்கு இருக்கும் ஆற்றல் வெள்ளம் என்ற சொல்லுக்கு இல்லை. மங்கையர்க்கரசி ஒரு மரத்திலிருந்து இருமுறை எண்ணிப் பார்த்தாள். இரண்டாம் முறை முந்நூற்றுப் பதினெட்டு வந்தது. அதற்கு அவள் பொறுப்பல்லள்.

குழு கரைமேல் ஏறியது. கார்மேகம் நடுவில் நின்று, "உறுதியாகத்தானே இருக்கிறது" என்று காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

கரை போய்விட்டது.

முயல்கள் கைதட்டின, நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும். மூன்று பேராசிரியர்களும் தண்ணீரோடு விடுதியின் கூரைமேல் ஏறி, கூரையோடு இறங்கி, அரை மைல் தொலைவில் ஒரு மூங்கில் புதரில் சிக்கிக்கொண்டார்கள். அரங்கநாயகம் கார்மேகத்தின் இடது காதைப் பற்றியிருந்தார்.

"வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தாள்," என்றார் பற்றியபடியே. "இன்று வியாழன். கணிப்பில் ஒரு நாள் பிழை. இரண்டு மதிப்பெண் குறைக்கிறேன்."

"துறைத்தலைவரின் எடையை ஆய்வாளர் கணக்கில் கொள்ளவில்லை," என்றார் சிவக்கொழுந்து மூங்கிலின் மறுபுறத்திலிருந்து. "ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது."

"என் காது," என்றார் கார்மேகம்.

தவளைகள் வடக்குக் கரைக்குக் குடிபெயர்ந்து, அச்சமின்றி அமர்ந்து, நான்கு அடிக்கு ஒருமுறை தவறாமல் பல்லவியைத் திரும்பப் பாடின. முறிபல்லவி மரபு என்று இப்போது எங்கும் எதுவும் இல்லை. மங்கையர்க்கரசி புதரைத் தேடிக் கிளைகிளையாக வந்து சேர்ந்தபோது மூவரும் முடிவை எழுதி முடித்திருந்தார்கள். எழுதுவதற்கு முள் இருந்தது. அவள் ஈரத்தாளை விரித்துப் படித்தாள்.

'ஆய்வாளருக்குச் சிறப்புநிலை வழங்கலாம். நான்காம் இயல் குறித்துக் குழுவுக்குக் கருத்து ஏதுமில்லை. ஒரு திருத்தம் மட்டும்: மேற்குக் கரை இன்று பிற்பகல் முதல் பணியில் இல்லை. ஆகவே அதன் பெயரைத் துறைத்தலைவருக்குக் கீழே, தேநீர்க் கடைக்குப் பிறகு, "முன்னாள் கரை" என்று மாற்றி எழுதி, மூன்று படிகள் சமர்ப்பிக்கவும்.'

நீதி: ஊரைக் காக்க வேண்டிய உண்மையை ஆய்வின் நடுவில் எழுதிப் புதைக்காதீர்கள், பெரியவர் ஒருவரின் பெயருக்கு முந்தைய வரியில் எழுதுங்கள், அவர் ஓடோடி வந்து அதைத் தம் காலாலேயே மெய்ப்பித்துத் தருவார்.