பாதுகாக்கப்பட்ட வாய்

ஊழியர்களின் வாய் நலனில் நிர்வாகத்துக்குத் திடீரென்று அக்கறை பிறந்தது. எச்சிலில் ரத்த வகையின் அடையாளம் தெரிபவர்களுக்குப் பல் நோய் வரும் வாய்ப்புக் குறைவு, தெரியாதவர்களுக்கு அதிகம் என்று யாரோ எங்கோ ஆராய்ந்து சொன்னார்களாம். அந்தக் 'குறைவு' மேலிடத்திலிருந்து படியிறங்கி வருவதற்குள் 'கிடையாது' என்று ஆகிவிட்டது. ஆகவே பேருந்து நிலையத்து ஊழியர் அனைவரும் ஆளுக்கொரு குப்பியில் துப்பிக் கொடுக்கும்படி அன்புடன் பணிக்கப்பட்டார்கள்.

அடையாளம் தெரிந்தவர்களுக்கு மார்பில் குத்திக்கொள்ளப் பச்சை வில்லை: பாதுகாக்கப்பட்ட வாய். தெரியாதவர்களுக்குச் சிவப்பு வில்லை: அபாய வாய். பச்சைக்காரர்கள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். சிவப்புக்காரர்களோ ஏதோ பெரிய இடத்து வியாதி வரப்போகிற தோரணையில், வாய்க்கு முன்னால் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள்.

அறிவிப்புக்காரம்மாவுக்குப் பச்சை. அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்தது, கன்னம் வீங்கியது. பாவம், உயிர் போய் உயிர் வந்தது. நல அலுவலரிடம் ஓடினாள்.

"சார், பல்வலி தாங்கல. டாக்டர்கிட்ட அனுப்புங்க, பிடுங்கிடறேன்."

அலுவலர் கன்னத்தைப் பார்க்கவில்லை. வில்லையைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பல் வலிக்காதேம்மா."

"வலிக்குது சார்!"

"அது உங்க அபிப்பிராயம். உங்க எச்சில் வேற சொல்லுது. பல் டாக்டர் சிவப்புக்காரங்களுக்கு மட்டும்தான். இப்பக்கூட உள்ளே உங்க வீட்டுக்காரர்தான் இருக்கார்."

அவள் கணவர் அதே நிலையத்தில் ஓட்டுநர். சோடா மூடியைப் பல்லால் திறக்கிற மனுஷன்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருக்கு ஒண்ணுமே இல்லையே சார்!"

"இல்லைதான். ஆனா வரலாமில்ல? உங்களுக்கு வந்திருக்கு. ஆனா வரக் கூடாதில்ல?"

"வாயைத் திறக்க முடியாம நான் எப்படி அறிவிப்பு சொல்றது? வண்டியை விட்டுட்டு ஜனங்க அல்லாட மாட்டாங்களா?"

அலுவலர் யோசித்தார். அவரும் கல்நெஞ்சக்காரர் அல்ல.

"சரி. பயணிகள்ல ஒருத்தராவது வந்து, அறிவிப்பு புரியலன்னு புகார் சொல்லட்டும். பொது நலன் பாதிக்கப்பட்டதா எடுத்துக்கிட்டு, இன்னைக்கே பிடுங்க உத்தரவு போட்டுடறேன்."

அவள் முகம், வலித்தாலும், மலர்ந்தது. இத்தனை வருஷமாகத் தன் குரலை நம்பித்தான் ஊரே பேருந்து ஏறுகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. மைக் முன் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"பழழிகழின் கவழத்துக்கு..."

வடக்கே போகும் வண்டியும் தெற்கே போகும் வண்டியும் ஒன்றாகக் குழைந்து வெளியே வந்தன. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். ஜனங்கள் வழக்கம்போல ஒருமுறை கூரையிலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள், வழக்கம்போல டீக்கடைக்காரரிடம் போய் எந்த வண்டி என்று கேட்டார்கள், வழக்கம்போல ஏறிப் போனார்கள். மாலைவரை ஒரு புகாரும் இல்லை. பல்லைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அலுவலர் அறையில் போய்ச் சோர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் கணவர், வாயில் பஞ்சோடு.

"முன்னெச்சரிக்கையா ஒண்ணைப் பிடுங்கிட்டாங்கம்மா," என்றார் பரிதாபமாக.

அப்போது ஒரு பெரியவர் உள்ளே வந்தார். "இங்க அறிவிப்பு சொல்ற அம்மா யாரு?"

அவள் துள்ளி எழுந்தாள். "நான்தாங்க! சொல்லுங்க, தைரியமா சொல்லுங்க!"

"ரொம்ப நாளா இந்த வழியாத்தான் போறேன். இன்னைக்குத்தாம்மா கொஞ்சம் புரிஞ்சுது."

அலுவலர் எழுந்து நின்று அவளுடைய பச்சை வில்லையைப் பெருமையோடு பார்த்தார்.

"பார்த்தீங்களா? பாதுகாக்கப்பட்ட வாய்னா சும்மாவா!"