பூஜ்யம் எழுதிய பலகை

பழவேற்காடு,
புதன்கிழமை

அன்பு மச்சான் உதயகுமாருக்கு எல்லப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா கஸ்தூரியும் நலம். மீஞ்சூரில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும், இவ்வளவு நடந்த பிறகும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம், நாளைக் காலை அங்கே வரும் எங்கள் தெரு மாலதி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் மகள் ஷாலினிக்கு ஒலிப்புத்தகத்துக்குக் கதை வாசிக்கும் வேலை கிடைக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் மாதிரிப் பதிவை அனுப்பியாக வேண்டும். வலை வைக்கும் அறையில் வாசித்தால் குரல் சுவரில் மோதி இரண்டாகக் கேட்கிறது என்றாள். குரலைச் சிதறடிக்க மரத்தில் பலகை செய்து மாட்டுங்கள் என்று படம் அனுப்பியது நீதான். நானும் உடைந்த படகின் மரத்தை அறுத்து, ஏழு பள்ளம் வைத்து, எது எவ்வளவு ஆழம் என்று நீ சொன்னபடியே 0, 1, 4, 2, 2, 4, 1 என்று பென்சிலால் எழுதி, பசை காய வாசலில் சாய்த்து வைத்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று பாடுச் சீட்டு குலுக்குவது இந்த ஞாயிற்றுக்கிழமை. போன இரண்டு தடவையும் நல்ல இடம் எனக்கு விழுந்தது. பக்கத்து வீட்டு முனியன் அண்ணன் பலகையில் எண்களைப் பார்த்ததும், நான் இடங்களை முன்கூட்டியே பங்கு போட்டுவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டார். நான் எதிரொலியைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் குரல்தான் ஏறியது.

"நாலு உன் வூடு, ரெண்டு உன் தம்பி வூடு. பூஜ்யம்னு போட்டுக்கீறியே, அது நான்தானே?" என்றார்.

ஊர் கூடி, பலகையைச் சாட்சியாகப் பிடுங்கி ஊர்க்கூடத்துச் சுவரில் சாத்திவிட்டது. காவலுக்கு முனியன் அண்ணனே. முப்பது வருஷம் என்னோடு வலை இழுத்தவர் என்னைத் திருடன் என்று நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஷாலினி சாப்பிடவே இல்லை. நாளைக்கே வந்து, அந்த எண்கள் உன்னுடையவை என்று ஊரார் முன்னால் சொல்.

உன் குடும்பம் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத
எல்லப்பன்

பி.கு.: மாலதி கிளம்பவில்லை, கடிதம் இங்கேயே கிடந்தது. இன்று சனிக்கிழமை. ஷாலினி உனக்காகக் காத்திருக்காமல் வியாழக்கிழமையே ஊர்க்கூடத்துக்குப் போய், பலகைக்கு எதிரே உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்துவிட்டாள். பலகை எதற்கென்று முனியன் அண்ணன் காதாலேயே கேட்டுக்கொண்டார். இன்று பதில் வந்தது, வேலை கிடைத்துவிட்டது. பதிவின் நடுவே நாயை விரட்டிய பெரியவரின் குரல் பிரமாதம், அவரும் வேண்டும் என்கிறார்களாம். முனியன் அண்ணனே பலகையைத் தலையில் சுமந்து வந்து எங்கள் அறையில் மாட்டிவிட்டு, இனி தினமும் சாயங்காலம் வருவேன் என்று நாற்காலியும் போட்டுவிட்டார். நீ வர வேண்டாம். உட்கார இடமில்லை.