பிளைட் அண்ணாச்சி குறித்த நேரம்

எங்கள் தெருவில் சாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடக்கத்துக்குத்தான் பிளைட் அண்ணாச்சி நேரம் குறித்துத் தர வேண்டும். தூத்துக்குடியில் நாங்கள் பிள்ளைகளைப் பெற்று, படிக்கவைத்து, விமானம் ஏற்றிவிடுகிறவர்கள். ஒரு சாவு விழுந்தால், பிரீசர் பெட்டி வந்த கையோடு எழும் கேள்வி, "மவன் எப்பம் வாரான்?" என்பதுதான். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர்கூட அண்ணாச்சியைக் கேட்காமல் மண்வெட்டியைத் தொடமாட்டார்.

இத்தனைக்கும் அண்ணாச்சி விமானத்தில் ஏறியதே இல்லை. துறைமுகத்தில் கப்பல் எப்போது வந்து சேரும் என்று கணக்குப் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல்காரன் சொல்லும் நேரத்தை நம்பக்கூடாது என்பது அங்கே அவர் கற்ற பாடம். அதையே ஆகாயத்துக்கும் வைத்துக்கொண்டார்.

ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபோது, அவருடைய மகன் துபாயில் இருந்தான். மருமகன் செல்போனை நீட்டினார். "துபாய்லருந்து திருவனந்தபுரம் நாலே மணி நேரம் அண்ணாச்சி. மத்தியானமே எடுத்திரலாம்."

"அது பிளைட்டு வந்து சேருத நேரம்வே. பய வந்து சேர வேண்டாமா? பெட்டி வரணும், கஸ்டம்ஸ்காரன் விடணும், நாகர்கோயில்ல டிரைவர் டீ குடிக்கணும். தெரு முக்குல எறங்கி அழுதுட்டே வரணும்லா? அதுக்கு ஒரு கால் மணி நேரம் போடும்!"

சாயங்காலம் என்று தீர்ப்பாயிற்று. மகன் காலையிலேயே வந்துவிட்டான். அழுது முடித்து, மீதிப் பகல் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சீக்கிரம் வந்தது அவன் தப்பு," என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் கூசாமல்.

போன வருடம் அண்ணாச்சியின் மனைவி இறந்துபோனார். ஒரே மகன் டொராண்டோவில். தெருவே அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தது. அவரும் விரல் மடக்கினார். டொராண்டோவிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து தூத்துக்குடி. கூட்டினார், கலைத்தார், மறுபடி கூட்டினார். "நாளைக்குச் சாயங்காலம்," என்றார்.

அன்று ராத்திரி அந்த மகன் எனக்குப் போன் செய்தான். "சித்தப்பா, என் விசா பேப்பர் இன்னும் கைக்கு வரல. கெளம்புனா திரும்ப உள்ள விடமாட்டான். நான் வர முடியாதுன்னு அப்பாட்ட அப்பவே சொல்லிட்டேன்."

அப்பவே தெரியும்! தெரிந்துகொண்டேதான் அந்த மனுஷன் வாசலில் நாற்காலி போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் "ஏறிட்டான், வந்துட்டிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெற்றவள் சாவுக்கு வராத பிள்ளை என்று ஊர் பேசிவிடக்கூடாது. அவருக்கு அது ஒன்றுதான் கவலை.

மறுநாள் மாலை பாதர் வந்து தயங்கி நின்றார். அண்ணாச்சி எழுந்தார்.

"எடுத்துருங்க பாதர். லண்டன்ல ஒரே பனியாம். பிளைட்டு கெளம்பல. பய அங்கன கெடந்து தவிக்கான்."

எதிர்வீட்டுக்காரர் போனைத் தடவிவிட்டு, "லண்டன்ல பிளைட்டெல்லாம் போவுதே..." என்று இழுத்தார். நான் அவர் கையை அழுத்திப் பிடித்தேன்.

"ஆமா அண்ணாச்சி," என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "சரியான பனி. டிவியிலயும் காட்டுதான்."