ஆர்வில் டன்லப் இறந்தது குறித்த தீர்மானம்

உலக நாகரிகத்துக்கு எகிப்து பிரமிடுகளைக் கொடுத்தது. ரோமாபுரி சட்டத்தைக் கொடுத்தது. டெக்சஸ் மாநிலத்தின் வடகோடியில் உள்ள பிட்டர் வெல்ஸ் என்ற ஊர் கொயோட்ஸைக் கொடுத்தது. முதல் இரண்டும் இடிந்தும் திருத்தப்பட்டும் போய்விட்டன. மூன்றாவது மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்குக் களம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

கொயோட்ஸ், அதாவது குள்ள ஓநாய்கள், என்பது அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் அணி. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவதும், ஓடுகிறவன்மேல் ஒன்பது பேர் விழுவதும் அங்கே ஃபுட்பால் எனப்படும். பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம். அடிபடும்போதுதான் காலுக்கு முதலிடம்.

ஊரின் மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். மைதானத்தில் இருக்கைகள் ஐயாயிரம். பள்ளி நூலகத்தில் நாற்காலிகள் பதினொன்று; அதில் இரண்டு ஆடும். இந்த விகிதாசாரத்தைக் குலையாமல் காத்து வருவது பள்ளி வாரியம். அதன் தலைவர் வெண்டல் க்ராஸ், ஊரில் இருக்கும் ஒரே சவ அடக்க நிலையத்தின் உரிமையாளர். ஆகவே அவரை யாரும் பகைத்துக்கொள்வதில்லை. கடைசியில் அவரிடம்தான் போயாக வேண்டும்.

அணிக்கு நூறு வயது நிறைந்த ஆண்டில் அதன் வரலாற்றை எழுதுவதென்று வாரியம் முடிவு செய்தது. பள்ளியில் வரலாற்று ஆசிரியர்கள் நால்வர். அவர்களில் மூவர் ஃபுட்பால் பயிற்சியாளர்கள். வரலாறு அவர்களுக்கு உபதொழில். நான்காமவர் லொரெட்டா ஹாஸ்கின்ஸ், ஐம்பத்துநான்கு வயது. ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர் என்ற குறை அவரிடம் இருந்தாலும், எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

"நூறு பக்கம் போதும் லொரெட்டா. வருஷத்துக்கு ஒரு பக்கம்" என்றார் க்ராஸ்.

"தோத்த வருஷத்துக்குமா?"

"அதுல படம் போட்டுடு."

லொரெட்டா மரபுகளைப் பட்டியலிடத் தொடங்கினார். ஆட்ட நாளில் நான்கு மணிக்கு ஊரே கடையடைக்கும், மருந்துக்கடையும் சேர்த்துத்தான். அன்று காய்ச்சல் வருகிறவர் ஊர்ப்பற்று இல்லாதவர். ஆண்டுவிழா ஆட்டத்துக்குப் பெண்கள் தட்டு அகலக் காகிதச் செவ்வந்தியை நெஞ்சில் குத்திக்கொள்வார்கள். அதிலிருந்து கணுக்கால்வரை ரிப்பன்களும் மணிகளும் தொங்கும். ஆயிரம் பெண்கள் எழுந்து நின்றால் ஆட்டுமந்தை ஓடைக்கு இறங்குவது போலக் கேட்கும். ஊரிலுள்ள இரண்டு தேவாலயங்களுக்கும் மோட்சத்துக்குப் போகும் வழியில் கருத்து வேறுபாடு உண்டு. கோச்சைப் பொறுத்தவரை இல்லை.

ஆனால் மரபுகளுக்கெல்லாம் சிகரம் 'ஆர்வில் நிமிடம்'. 1931 நவம்பரில், பக்கத்து ஊரான சல்ஃபர் ஃப்ளாட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், பதினேழு வயது ஆர்வில் டன்லப் கால் முறிந்த பிறகும் களத்தை விட்டு வெளியேறாமல் ஓடி, வெற்றியைத் தந்து, கோட்டைத் தாண்டி விழுந்து உயிரை விட்டான். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அவனுக்காக மைதானம் முழுவதும் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் மௌனம் காக்கும். சல்ஃபர் ஃப்ளாட்ஸ் ஆட்டத்தில் எந்தக் கொயோட்டும் தானாக வெளியே வரக்கூடாது என்பது அதிலிருந்து பிறந்த விதி.

எந்த எலும்பு முறிந்தது என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. நல்ல வரலாற்றுக்கு எலும்பின் பெயர் அவசியம் என்று லொரெட்டா கருதினார்.

அந்தச் சமயத்தில் அவருடைய பதினோராம் வகுப்பில் இன்னொரு காலும் கவனத்துக்கு வந்தது. கோல்பி ரெய்னி என்ற மாணவன், அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"முட்டிக்கு என்ன ஆச்சு கோல்பி?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

"ஒண்ணுமில்லாத முட்டி ஏன் பரங்கிக்காய் மாதிரி இருக்கு?"

"டாக்டர் ஆறு வாரம் ஓடாதேன்னாரு. கோச் போய் அவர்கிட்ட ஆர்வில் கதையைச் சொன்னாரு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல மிஸ். தொப்பியைக் கழட்டிட்டாரு."

சல்ஃபர் ஃப்ளாட்ஸ் ஆட்டத்துக்கு அப்போது இரண்டு வாரம் இருந்தது. லொரெட்டா அன்று மாலையே மாவட்ட நூலகத்துக்குப் போய் 1931-ஆம் ஆண்டு உள்ளூர் வார இதழைத் தேடி எடுத்தார். செய்தி நான்கு வரிகூட இல்லை. 'இடைவேளையின்போது ஆர்வில் டன்லப் கால் சுளுக்கிக்கொண்டதாகச் சொன்னான். அவன் தாயார் சமையல் ஏப்ரனுடன் மைதானத்தில் இறங்கி, அவனைக் காதைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்றார். நாம் இருபதுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.' அடுத்த வார இதழில் ஆர்வில் தேவாலயப் பாட்டுக் குழுவில் பாடியிருந்தான். சுமாராகப் பாடினான் என்று நிருபர் எழுதியிருந்தார். இறந்தவனுக்கு அது நல்ல முயற்சிதான்.

லொரெட்டா அடுத்த ஆண்டுகளின் இதழ்களையும் எடுத்துப் புரட்டினார். 1934-இல் டன்லப் குடும்பம் ஒக்லஹோமாவுக்குக் குடிபெயர்ந்தது. 1935-இல் புதிதாக வந்த கோச் ஒருவர் மேடையேறி, பழைய ஆட்டக்காரர்களின் பட்டியலைப் படித்து, "ஆர்வில் டன்லப் இன்று நம்மோடு இல்லை" என்றார். உண்மையைத்தான் சொன்னார். கூட்டம் தொப்பியைக் கழற்றிவிட்டது. கழற்றியது கழற்றியதுதான், தொண்ணூறு வருடமாகக் கழற்றிக்கொண்டிருக்கிறது.

பிறகு தொலைபேசியில் துழாவி, ஒக்லஹோமாவில் ஆர்விலின் மகளைக் கண்டுபிடித்தார். வெர்னா பிக்கெட், எழுபத்தொன்பது வயது. தன் அப்பா பதினேழு வயதில் வீரமரணம் அடைந்த கதையை அந்தம்மாள் முழுவதும் கேட்டார்.

"அப்ப நான் யாரும்மா?" என்றார் பிறகு.

ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை வாரியம் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. பிரார்த்தனை முடிந்தது. எல்லோருக்கும் இனிப்புத் தேநீர் வந்தது. பொதுமக்களுக்குத் தலைக்கு மூன்று நிமிடம். லொரெட்டா இதழ்ப் பக்கங்களின் நகலைப் படித்தார். வெர்னா, மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர், ஒரு புகைப்பட ஆல்பத்தையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் மேசையில் வைத்தார்.

க்ராஸ் சான்றிதழைக் கையில் வாங்கித் தொழில்முறையில் ஆராய்ந்தார்.

"இரண்டாயிரத்து ஐந்துன்னு போட்டிருக்கு."

"ஆமா. தொண்ணூத்தோரு வயசு."

"இது ஒக்லஹோமா சான்றிதழ் மேடம். இங்க டெக்சஸ். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். யார் செத்தவங்க, யார் சாகாதவங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"ஐயா, நான் பொறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தாறுல. எங்கப்பா முப்பத்தொண்ணுல செத்திருந்தா நான் எப்படிப் பொறப்பேன்?"

க்ராஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது உங்க அம்மாவோட சொந்த விஷயம். இந்த வாரியம் அதுக்குள்ள போக விரும்பல."

வெர்னா ஆல்பத்தைத் திறந்தார். ஆர்வில் மளிகைக் கடை வாசலில், ஆர்வில் மீனுடன், ஆர்வில் எண்பதாவது பிறந்தநாள் கேக்குடன். உறுப்பினர்கள் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

"நல்ல மீன்" என்றார் ஒருவர்.

தலைமை கோச் டட்லி ரக்கர் எழுந்தார். ஆறரை அடி மனிதர், குரல் தழுதழுத்தது. "லொரெட்டா, நான் உங்ககூடச் சண்டைக்கு வரல. ஆனா பசங்களுக்கு ஒரு ஆர்வில் வேணும். உசுரைக் குடுத்த ஆர்வில். அம்மா காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போன ஆர்வில வச்சிக்கிட்டு நான் இடைவேளையில என்ன பேசுறது?"

"கோல்பியோட முட்டியைப் பத்திப் பேசலாம் கோச். டாக்டர் ஓடக்கூடாதுன்னு..."

"மூணு நிமிஷம் முடிஞ்சுது" என்றார் க்ராஸ்.

பின்வரும் தீர்மானம் வாசிக்கப்பட்டது: 'ஆர்வில் டன்லப் 1931 நவம்பரில் களத்தில் உயிர்நீத்தார் என்று இவ்வாரியம் உறுதி செய்கிறது, அதன்பின் அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு இவ்வாரியம் பொறுப்பேற்காது.' ஆறு பேர் ஆதரித்தார்கள். ஒருவர் எதிர்த்தார். லொரெட்டாவின் கண்களில் நன்றி துளிர்த்தது. விசாரித்ததில், ஆர்வில் இறந்தது 1932-இல் என்பது அவருடைய கட்சி என்று தெரியவந்தது.

வாசலுக்கு வந்ததும் லொரெட்டா ஆல்பத்தை வெர்னாவிடம் கொடுத்தார். "உங்களை இவ்வளவு தூரம் வரவழைச்சு அவமானப்படுத்திட்டேன்."

"எனக்கென்ன கண்ணு, எங்கப்பா இருந்தாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் வெர்னா. "அந்தப் பையனோட முட்டியை நினைச்சாத்தான் கவலையா இருக்கு. வெள்ளிக்கிழமை இருந்து பார்த்துட்டுப் போறேன். உன் வீட்ல ஒரு கட்டில் இருக்குமா?"

வெள்ளிக்கிழமை ஐயாயிரம் இருக்கைகளும் நிரம்பின. மணிகள் கிணுகிணுத்தன. கோல்பி முட்டியில் பட்டை பட்டையாகச் சுற்றிக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் நின்றான். ஒலிபெருக்கி, "முறிந்த காலோடு ஓடி இந்த மண்ணுக்கு உயிரைத் தந்த ஆர்வில் டன்லப்..." என்றது. தொப்பிகள் இறங்கின. மௌனம் விழுந்தது. குழந்தைகூட அழவில்லை.

காது கொஞ்சம் மந்தமானவர்களுக்குத் தம் குரலின் அளவு தெரியாது. வெர்னா பக்கத்திலிருந்த லொரெட்டாவிடம் ரகசியம் சொன்னார். ஐயாயிரம் பேர் மூச்சடக்கி நிற்கும் இடத்தில் அந்த ரகசியம் எதிர்ப்பக்கக் கம்பம்வரை போய்ச் சேர்ந்தது.

"எங்கப்பா தினம் மூணு மைல் நடப்பாரு. தொண்ணூறு வயசுல. அன்னிக்கு ஆட்டத்தை விட்டு வீட்டுக்குப் போனதாலதான் இப்ப நடக்கிறேன்னு சொல்லுவாரு."

"ஷ்ஷ்" என்றார்கள் ஐம்பது பேர். மரியாதைக்குப் பங்கம் வந்துவிட்டதல்லவா! கோல்பி மட்டும் தலையைத் திருப்பி, குரல் வந்த திசையைப் பார்த்தான்.

ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் அவன் பந்தோடு ஓடினான். சல்ஃபர் ஃப்ளாட்ஸ்காரர்கள் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். அவர்கள் எழுந்தார்கள், அவன் எழவில்லை. பிறகு கையை ஊன்றி மெல்ல எழுந்து, ஒரு காலில் நின்றான். கோட்டோரத்திலிருந்து ரக்கர் கை இரண்டையும் குவித்துக் கத்தினார்.

"ஆர்வில்! ஆர்வில நினைச்சுக்கோ!"

கோல்பி தலைக்கவசத்தைக் கழற்றினான். முகம் வெளுத்திருந்தது.

"நினைச்சேன் கோச். அவர் வீட்டுக்குப் போனாரு. நானும் போறேன்."

நொண்டிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தான். ஐயாயிரம் பேரும் மீண்டும் வாயடைத்துப்போனார்கள். அணி வரலாற்றில் அறிவிப்பு இல்லாமல் காக்கப்பட்ட மௌனம் அது ஒன்றுதான். அவனுடைய தாய் டாமி, தாய்மார் சங்கத் தலைவி, மகனின் எண் பொறித்த ரிப்பன் கணுக்கால்வரை தொங்க, முன்வரிசையில் சிலையாக உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் ஒரு தோழி கையைப் பிடித்தாள், அந்தப் பக்கம் இன்னொருத்தி. டாமி இருவரையும் உதறிவிட்டு மணிகள் சிதறப் படியிறங்கி ஓடினார். வாசலில் மகனின் தோளுக்கடியில் தன் தோளைக் கொடுத்தார்.

"வண்டியை அந்தக் கோடியில நிறுத்தியிருக்கேன்டா. நடப்பியா?"

"அழாதம்மா. ரிப்பன் என் கால்ல மாட்டுது."

கொயோட்ஸ் ஒரு புள்ளியில் தோற்றது. தோல்விக்கு வரலாறுதான் காரணம் என்று ரக்கர் உள்ளூர் வானொலியில் கூறினார். முட்டியை அறுத்துச் சரிசெய்த மருத்துவர் வேறு ஊர்க்காரர், ஆர்விலைப் பற்றிக் கேள்விப்படாதவர். இன்னும் ஒரு தடவை விழுந்திருந்தால் ஆயுசுக்கும் நொண்டிதான் என்று அவர் சொன்னது எந்த வானொலியிலும் வரவில்லை.

நூற்றாண்டு மலர் உரிய காலத்தில் வெளிவந்தது. ஆர்வில் அத்தியாயத்தை ரக்கரே எழுதினார், பெரும்பாலும் படங்கள். ஜனவரியில் பள்ளி திறந்தபோது, 'நிர்வாக வசதி கருதி' லொரெட்டாவிடமிருந்து வரலாறு எடுக்கப்பட்டு, தண்டனை பெற்ற மாணவர்கள் மதியம் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அறையின் மேற்பார்வை கொடுக்கப்பட்டது. வரலாறு துணைக் கோச் போ டில்மனுக்குப் போனது. அவர் முதல் நாளே தேர்வு வைத்து வகுப்பின் தரத்தைச் சோதித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்தத் தேர்வு முடிந்த கையோடு தண்டனை அறைக்கு முதல் ஆள் வந்து சேர்ந்தான். கோல்பி. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"நீயா? என்னடா பண்ணே?"

"கேள்விக்குப் பதில் எழுதினேன் மிஸ்."

"என்ன கேள்வி?"

"ஆர்வில் டன்லப் எதனால் இறந்தார்?"

"நீ என்ன எழுதினே?"

"மெஜாரிட்டியால."