ரசமட்டம் அண்ணாச்சியும் கோணல்வாய் ஆட்டுக்குட்டியும்

தாராவியில் நேராக நிற்கிற பொருள் ஒன்றே ஒன்றுதான். அதை நிறுத்தியவர் ரசமட்டம் அண்ணாச்சி. டைல்ஸ் பதிக்கிற கொத்தனார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். மட்டம் பார்க்கிற ரசமட்டம் எப்போதும் கக்கத்தில் இருக்கும். டீக்கடை பெஞ்சில் அதை வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நின்றால்தான் உட்காருவார். பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத் தட்டை விட்டுவிட்டு, ஆடுகிற ஸ்டூலுக்கு அடியில் காகிதம் செருகியவர். அந்தப் பெண்ணே அவரைக் கட்டிக்கொண்டது ஆண்டவர் கிருபை.

அவர் நிறுத்திய அந்தப் பொருள், எங்கள் சந்து மாதா கோயிலின் பீடம். கோயில் இரண்டு அறை அளவுதான். பீடம் முழுக்கப் பீங்கான் டைல்ஸ்: நீலப்பூ, திராட்சைக் குலை, நடுவில் வெள்ளை ஆட்டுக்குட்டி.

திருநாளுக்கு நான்கு நாள் முன்பு, தோரணம் கட்டுகிறேன் பேர்வழி என்று இரும்பு மெழுகுவத்தி ஸ்டாண்டை நகர்த்தினேன். அது சாய்ந்து ஆட்டுக்குட்டியின் முகத்தை மூன்று துண்டாக்கிவிட்டது. கமிட்டித் தலைவர் ஓடிவந்தார். அவருக்கு ரொம்ப நாளாகவே கிரானைட் ஆசை.

"எவம்ல ஒடச்சது? ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாகலன்னா மொத்தத்தையும் பேத்துட்டு கிரானைட்டு போட்ருவேன்!"

நான் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். பின்னாலிருந்து அண்ணாச்சி குரல் கேட்டது.

"நாந்தான் தலைவரே. ரசமட்டம் கைதவறி விழுந்துட்டு."

அண்ணாச்சிக்காவது, ரசமட்டம் கைதவறுவதாவது! அன்று முழுக்கச் சந்தே அதைச் சொல்லிச் சிரித்தது.

மறுநாள் செம்பூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு அவரோடு நானும் போனேன். அண்ணாச்சி தன் இந்தியை எடுத்துவிட்டார்.

"பையா, ஹமாரா பீட் டூட் கயா! ஜல்தி ஜோட்னா ஹை!"

பீடத்தின் வாலை வெட்டினால் இந்தியாகிவிடும் என்பது அவர் கணக்கு. இந்தியில் பீட் என்றால் முதுகு. முதுகு உடைந்துவிட்டது, சீக்கிரம் ஒட்டவேண்டும் என்று ஒரு மனிதர் நின்றுகொண்டு சொல்வதைப் பார்த்துக் கடைக்காரர் பதறிப்போய் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், எதிர்ச்சாரி எலும்பு டாக்டரைக் கைகாட்டினார்.

"முதுகு இல்லய்யா, கோயில் பீடம்லா ஒடஞ்சிருக்கு!" என்று அண்ணாச்சி கத்தியது எதிர்ச்சாரி டாக்டருக்கே கேட்டிருக்கும்.

அந்த ஆட்டுக்குட்டி டைல் இப்போது வருவதில்லையாம். பசை மட்டும் வாங்கி வந்து, இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் துண்டுகளை ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை தலைவர் உற்றுப் பார்த்தார்.

"வாய் கோணியிருக்கே, அண்ணாச்சி?"

"சிரிக்கிற வாய் நேராவா இருக்கும்?"

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிரானைட் பேச்சு அதோடு போயிற்று. பூசை முடிந்ததும் அண்ணாச்சி என் காதருகே குனிந்தார்.

"இனிமே ஸ்டாண்டு நவுத்தணும்னா என்னையக் கூப்பிடும்வே."

இப்போது அவர் சான்பாடாவில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் வாராவாரம் பூசைக்குப் போகிறேன். அந்தக் கோணல் வாய்க்கு எதிரில் அண்ணாச்சிக்கென்று ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன், ஸ்டாண்டைத் தொடாமல்.