ஆயிரம் தடவை எழுதிய கரடி

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்த பிறகும் கொஞ்சம் மரம் மிச்சமிருந்த காட்டில்தான், தனபாக்கியம் என்ற கரடியம்மா இருந்தாள். அவளுக்கு ஒரே மகன், தர்ஷன். பத்தாம் வகுப்பு. அம்மாவைவிட ஒரு முழம் உயரம். உடம்பெல்லாம் ரோமமாக இருந்தும், மீசை முளைத்துவிட்டதென்று கண்ணாடி முன்னாலேயே நிற்பான். தனபாக்கியத்துக்கோ அவன் இன்னும் குட்டிப் பயல்.

ஒருநாள் குட்டிப் பயல் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தேன்கூட்டைப் பிய்த்துத் தின்றுவிட்டான். தேனீக்கள் மொத்தமாகத் திரண்டு தலைமையாசிரியையிடம் போய் அழுதன. தலைமையாசிரியை கஸ்தூரி ஒரு முள்ளம்பன்றி. உடம்பெல்லாம் பிரம்பு, ஆனால் அடிக்கக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு.

"'தேன்கூட்டில் கை வைக்க மாட்டேன்'னு ஆயிரம் தடவை இம்போசிஷன் எழுதிட்டு வா. இப்படியே போனா ஒருநாள் டிசியைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவேன்" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் தனபாக்கியம் வீட்டில் உட்கார்ந்து புலம்பினாள். பத்தாவதில் டிசி வாங்கின பிள்ளையை எந்தக் காட்டில் சேர்ப்பார்கள்?

"கை வலிக்கும்மா" என்றான் தர்ஷன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ ஏன்டா கண்ணு எழுதணும்? அம்மா எதுக்கு இருக்கேன்?"

கறையான் பொரியலை அடுப்பில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். மகன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்குமென்று இடது கையால் எழுதினாள். என்ன அக்கறை பாருங்கள்!

எழுநூறாவது தடவையிலேயே தேன் வாசனை அவளுக்குக் குமட்டியது. கரடிக்குத் தேன் குமட்டினால் வேறு எதைத் தின்னும்? பாவம், பாதியாக இளைத்துப்போனாள். மகன் அடுத்த கூட்டைத் தேடிப் போனான்.

பிறகு அவன் வகுப்பில் தூங்கினான். 'விடிந்ததும் எழுந்திருப்பேன்', ஆயிரம் தடவை. தனபாக்கியம் சேவலுக்கு முன்னால் எழ ஆரம்பித்தாள். ஆமை வாத்தியாரிடம் "சட்டுபுட்டுனு நடத்துங்க சார், போன்ல சார்ஜ் தீருது" என்றான். 'பெரியவர்களை மதிப்பேன்', ஆயிரம் தடவை. அதிலிருந்து அவள் ஆமையைக் கண்டால் எழுந்து நின்றாள். ஆமை கடந்துபோக முக்கால் மணி நேரம் ஆகும். கடைசியாக, காய்ச்சல் என்று புளுகிவிட்டு ஊர் சுற்றினான். 'பொய் சொல்ல மாட்டேன்' என்று அதையும் அவளே எழுதித் தொலைத்தாள்.

அங்கேதான் வந்தது வினை. அடுத்த வாரமே தேனீக்கள் மறுபடியும் புகார் கொடுத்தன. "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லைங்க" என்று வழிநெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மகனோடு பள்ளிக்கூடம் போனாள் தனபாக்கியம்.

"கூட்டைப் பிய்ச்சது யாரு?" என்றாள் கஸ்தூரி.

தனபாக்கியம் வாயைத் திறந்தாள். "இவன்தான் டீச்சர்."

"எம்மா!" என்று அலறினான் தர்ஷன்.

"இம்போசிஷன் எழுதினது?"

"நான்தான் டீச்சர். எல்லாமே நான்தான். இவனுக்குப் பேனா பிடிக்கவே தெரியாது." சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

கஸ்தூரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். நேரத்தோடு எழுகிறாள், பெரியவர்களை மதிக்கிறாள், பொய்யே வரமாட்டேன் என்கிறது. இருபது வருட சர்வீஸில் இப்படியொரு பிள்ளையை அவள் கண்டதில்லை. மகனுக்கு டிசியைக் கிழித்துக் கொடுத்தாள். காலியான இடத்தில் தாயைச் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தனபாக்கியம் ரெட்டைச் சடை பின்னி, சாப்பாட்டை மகன் தலைமாட்டில் மூடி வைத்தாள். மனசு கேட்கவில்லை. "கண்ணு, எழுந்திருடா. புது ஸ்கூல் தேட வேணாமா?"

தர்ஷன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "நீ போய் ஒழுங்காப் படிம்மா. மார்க் குறைஞ்சா என் மானம் போயிடும்."

நீதி: பிள்ளைக்கு வந்த தண்டனையைப் பெற்றவர் அனுபவித்தால், வீட்டில் ஒருவராவது திருந்துவார்.